கம்ப்ரசர் டேங்கில் இருப்பது வெறும் காற்றா? பாதுகாப்பாக இயக்குவது எப்படி?

சுருளிப்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது இரண்டு: சுருளி அருவி, பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கின் இந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் பந்தலுக்குப் பின்னால் ஓடும் இயந்திரங்களை யாரும் கவனிப்பதில்லை. அதில் ஒன்று ஏர் கம்ப்ரசர்.

பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிப்பது, டிராக்டரின் ஏர் ஃபில்டரில் படிந்த தூசியை ஊதுவது, கேட்டுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிப்பது, கிணற்றில் பாறையைத் துளைப்பது, போர்வெல்லைச் சுத்தம் செய்வது என இதற்குப் பல வேலைகள். முன்பு பட்டறையில் மட்டும் இருந்த கருவி, இப்போது ஆன்லைனில் ஆர்டர் போட்டால் தோட்டத்து வாசலுக்கே வந்துவிடுகிறது. கூடவே வரும் ஆங்கில மேனுவல், பிரிக்கப்படாமல் அட்டைப்பெட்டியோடு போய்விடுகிறது. "காத்துதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம்.

என்ன பண்ணும் என்று பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

மோட்டார் அல்லது இன்ஜின் ஒரு பிஸ்டனை ஓட்டுகிறது. அந்த பிஸ்டன் வெளிக்காற்றை இழுத்து, நசுக்கி, டேங்குக்குள் தள்ளுகிறது. அழுத்தம் குறிப்பிட்ட அளவை எட்டியதும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். காற்றைப் பயன்படுத்தி அழுத்தம் குறைந்ததும் மறுபடி ஓடவிடும். சிறிய கம்ப்ரசர்களில் பொதுவாக 8 பார், அதாவது சுமார் 116 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏறும். கார் டயரில் இருப்பது 30 முதல் 35 பி.எஸ்.ஐ.தான்.

116 பி.எஸ்.ஐ. என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் சுமார் 52 கிலோ அழுத்துகிறது என்று பொருள். ஓர் அடி விட்டமுள்ள டேங்கின் பக்கவாட்டு மூடியைக் கணக்கிட்டால், அதன் மீது மட்டும் ஏறக்குறைய 6 டன் விசை இருக்கிறது. நான்கைந்து கார்களின் எடையை ஒரு வெல்டிங் கோடு தாங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கணக்கு. 50 லிட்டர் டேங்கில் 8 பார் அழுத்தத்தில் உள்ள காற்று ஒரே நொடியில் வெளியேறினால் கிடைக்கும் ஆற்றல், 50 கிலோ அரிசி மூட்டையை 100 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றலுக்குச் சமம். 30 மாடி உயரம் அது. டேங்க் வெடித்தால் சுவர் இடிவதும் ஷெட் கூரை பறப்பதும் இதனால்தான்.

டேங்க் ஏன் வெடிக்கிறது?

பெரும்பாலும் துருதான் காரணம். அந்தத் துரு வெளியே தெரியாது.

காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். அதை நசுக்கிக் குளிரவிட்டால் ஈரம் தண்ணீராகப் பிரிந்துவிடும். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், சிறிய கம்ப்ரசர் ஒன்று ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் சுமார் ஒரு டம்ளர் தண்ணீர் பிரியும். அதில் பெரும்பகுதி டேங்கின் அடியில்தான் தேங்கும். ஆற்றோரமும் வாய்க்காலும் மழையுமாக இருக்கும் பள்ளத்தாக்கில் ஈரத்துக்குக் குறைவில்லை.

அந்தத் தண்ணீரை வெளியேற்றத்தான் டேங்கின் அடியில் டிரெயின் வால்வு இருக்கிறது. அதை வாரக்கணக்கில் திறக்காமல் விட்டால், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு அரிக்கப்பட்டு மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் 8 பாரைத் தாங்க முடியாமல் கிழியும்.

இரண்டாவது காரணம் சேஃப்டி வால்வு. பிரஷர் சுவிட்ச் பழுதாகி மோட்டார் நிற்காமல் ஓடினால், கடைசிக் காவல் இந்தச் சின்னப் பித்தளை வால்வுதான். தானாகத் திறந்து காற்றை வெளியேற்றிவிடும். அது "புஸ்ஸுனு கசியுதே" என்று போல்ட் போட்டு அடைப்பதும், ஸ்பிரிங்கை இறுக்கி விடுவதும் சில இடங்களில் நடக்கிறது. பிரஷர் குக்கரின் வெயிட்டையும் சேஃப்டி வால்வையும் சேர்த்து அடைத்துவிட்டு அடுப்பில் வைப்பதற்குச் சமம் இது. கசிந்தால் அதே அழுத்த அளவுள்ள புது வால்வு மாற்ற வேண்டும். வேறு வழி இல்லை.

வாங்கும்போதே என்ன பார்க்கணும்?

புதிதாக வாங்கினால் டேங்கில் தகட்டுக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, அதிகபட்ச அழுத்தம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். டேங்க், வால்வு, கேஜ் மூன்றின் அழுத்த அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கூடுதல் கவனம் தேவை.

• டிரெயின் வால்வைத் திறந்து பாருங்கள். செம்பழுப்புத் தண்ணீரும் துருத் துகளும் வந்தால் உள்ளே அரிப்பு இருக்கிறது.
• டேங்கில் பேட்ச் வெல்டிங் இருந்தால் வாங்காதீர்கள். ஓட்டையை அடைக்கலாம், சுற்றியுள்ள மெலிந்த தகட்டை அடைக்க முடியாது.
• சந்தேகம் இருந்தால் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். காற்றை ஏற்றிச் சோதிக்கக் கூடாது. தண்ணீரை நசுக்க முடியாது என்பதால் அதில் ஆற்றல் சேராது. டேங்க் பலவீனமாக இருந்தால் கசியும், வெடித்துச் சிதறாது.

வீடியோ பார்த்துவிட்டு பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரையும் பழைய கேஸ் சிலிண்டரையும் இணைத்து வீட்டிலேயே கம்ப்ரசர் செய்வோரும் உண்டு. அந்த சிலிண்டர் தினமும் ஈரக்காற்றை ஏற்றி இறக்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு, வடிகால் எதுவும் முறையாக இல்லாத கருவி அது. மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்கு அது ஈடாகாது.

காற்றுக் குழாய்க்கு பி.வி.சி. பைப் போடுவதும் தவறு. பி.வி.சி. உடையும்போது கண்ணாடிபோலக் கூரான சில்லுகளாகச் சிதறும். தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பைப் வேறு, காற்றுக் குழாய் வேறு.

எங்கே வைப்பது? வயர் எவ்வளவு?

சமமான, கெட்டியான தரையில் வையுங்கள். சக்கரம் உருளாமல் கட்டை கொடுங்கள். சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி இருந்தால்தான் மோட்டாரும் பிஸ்டன் தலையும் சூடு ஆறும். உரம், பூச்சிமருந்து, பெட்ரோல், தின்னர் வைக்கும் அறையில் வைக்கவே கூடாது. பிரஷர் சுவிட்ச் ஒவ்வொரு முறை இணையும்போதும் சின்னப் பொறி பறக்கும்.

அடுத்து, பலரும் செய்யும் தவறு: வீட்டிலிருந்து தோட்டத்துக்கு நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர்.

2 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அது ஐந்து மடங்குகூடப் போகும். 1 சதுர மி.மீ. செம்பு வயரை 30 மீட்டருக்கு இழுத்தால், ஓடும்போது 11 வோல்ட் குறையும். ஸ்டார்ட்டிங்கில் 50 வோல்ட்டுக்கு மேல் குறையும். ஏற்கெனவே லோ வோல்டேஜ் உள்ள இடத்தில் மோட்டார் "ம்ம்ம்" என்று முனகி நின்று, சுருள் கருகும். 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் இந்த இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

எளிய விதி: வயரை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள். கம்ப்ரசர் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

16 ஆம்பியர் த்ரீ-பின் சாக்கெட், ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் அவசியம். ஈரத்தரையில் வெறுங்காலோடு வேலை செய்யும் இடத்தில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு டூ-பின்னில் செருகுவது உயிரோடு விளையாடுவது. பெட்ரோல் அல்லது டீசல் இன்ஜின் கம்ப்ரசர் என்றால் திறந்தவெளியில் மட்டுமே ஓட்ட வேண்டும். மோட்டார் அறைக்குள் ஓட்டினால் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாமல் ஆளை மயக்கிவிடும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் வரிசை

1. ஆயில் உள்ள மாடல் என்றால் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியின் நடுவரை கம்ப்ரசர் ஆயில் இருக்க வேண்டும். ஆயில்-ஃப்ரீ மாடலில் ஊற்றவே கூடாது.
2. ஏர் ஃபில்டர் பொருத்தப்பட்டிருக்கிறதா, பெல்ட்டின் மேல் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள்.
3. புது இயந்திரம் என்றால் காற்று வெளியேறும் வால்வைத் திறந்துவைத்து, மேனுவலில் சொன்ன நேரம் சுமையில்லாமல் ஓடவிடுங்கள்.
4. பிறகு வால்வுகளை மூடி அழுத்தம் ஏற விடுங்கள். பக்கத்திலேயே நின்று கேஜைப் பாருங்கள். குறிப்பிட்ட அளவில் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே ஆஃப் செய்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
5. கண்ணாடி அணிந்துகொண்டு, சேஃப்டி வால்வின் வளையத்தை ஒருமுறை இழுத்து விடுங்கள். காற்று சீறி வந்து, விட்டதும் நிற்க வேண்டும். இழுக்க வராவிட்டால் அது இறுகிப்போயிருக்கிறது.
6. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். கசிவை டேங்கில் காற்று இருக்கும்போது ஸ்பானர் போட்டு இறுக்கக் கூடாது. காற்றை முழுதாக இறக்கிவிட்டுத்தான் கை வைக்கணும்.

கம்ப்ரசரில் இரண்டு கேஜ் இருக்கும். ஒன்று டேங்க் அழுத்தம், மற்றொன்று ரெகுலேட்டர் வழியாக ஹோஸுக்குப் போகும் அழுத்தம். வேலைக்குத் தேவையானதை ரெகுலேட்டரில் மட்டும் மாற்றுங்கள். பிரஷர் சுவிட்சின் கம்பெனி செட்டிங்கைத் திருகி "கொஞ்சம் கூட்டி" வைக்க வேண்டாம்.

காற்றை எங்கே காட்டக் கூடாது?

மனித உடம்பில். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

வேலை முடிந்ததும் சட்டையில் உள்ள தூசியைக் காற்றால் ஊதிக்கொள்வது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. தோலில் சின்னக் கீறல் இருந்தால்கூட அதன் வழியாகக் காற்று தசைக்குள் புகலாம். ரத்தக் குழாயில் காற்றுக் குமிழ் போனால் உயிருக்கே ஆபத்து. தூசி கண்ணில் பாய்ந்தால் கருவிழி கிழியும். திராட்சைக்கு மருந்து அடித்துவிட்டு வந்த துணியை ஊதினால், படிந்த பூச்சிமருந்து மறுபடி காற்றில் கிளம்பி மூச்சுக்குள் போகும்.

இதைவிடக் கொடுமை, விளையாட்டுக்காக ஒருவர் உடலுக்குள் காற்றைப் பாய்ச்சுவது. இந்தியாவில் பல ஊர்களில் இது மரணத்தில் முடிந்திருக்கிறது. 2024 மார்ச்சில் பெங்களூரில் ஒரு வாகன சர்வீஸ் சென்டரில், நண்பர் விளையாட்டாக இப்படிச் செய்ததில் 24 வயது இளைஞர் குடல் சிதைந்து இறந்தார். விளையாட்டுக்குச் செய்ததாகச் சொன்ன நண்பர் கைதானார். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

பொருட்களைச் சுத்தம் செய்வதற்கும் அளவு உண்டு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதி, சுத்தம் செய்யும் காற்று 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. துகள் தெறிக்காத தடுப்பும் கண் பாதுகாப்பும் வேண்டும் என்கிறது. டிராக்டர் ஏர் ஃபில்டரை ஊதும்போதும் இதே அளவு போதும். உள்ளிருந்து வெளிப்பக்கமாக, சற்றுத் தள்ளிப் பிடித்து ஊதுங்கள். முழு அழுத்தத்தில் ஊதினால் ஃபில்டர் காகிதம் கிழிந்து, தூசி நேராக இன்ஜினுக்குள் போகும்.

டயருக்குக் காற்றடிக்கும்போது

காரில் வைத்துக்கொள்ளும் 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர் இப்போது பலரிடமும் இருக்கிறது. குமுளி மலைப்பாதை ஏறும் முன் எடுத்துப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை: டயர் சூடாக இல்லாதபோது அளவு பாருங்கள். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. மேனுவலில் சொன்ன நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் ஆறவிடுங்கள். கழற்றும்போது ஹோஸின் முனை சுடும்.

லாரி, டிராக்டர் டயர் என்றால் கதையே வேறு. லாரி டயரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறும். வளையம் தனியாகக் கழலும் ரிம் சரியாக உட்காராவிட்டால், அது எறிகணைபோலப் பறக்கும். டயருக்கு நேரெதிரே குனிந்து நிற்காமல், நீளமான ஹோஸில் கிளிப் மாட்டி, பக்கவாட்டில் தள்ளி நின்று அடியுங்கள். இரும்புக் கூண்டு உள்ள கடையில் அடிப்பது இன்னும் நல்லது.

கிணற்று வேலையில்…

டிராக்டரில் பூட்டிய கம்ப்ரசர் பாறை துளைக்க வரும்போது ஆபத்து பல மடங்கு. முதலாவது, சுழலும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டும் பெல்ட்டும். லுங்கி நுனி, தோள் துண்டு, புடவை முந்தானை எது மாட்டினாலும் கையை எடுக்கும் முன் ஆளை இழுத்துவிடும். கார்டு இல்லாமல் ஓட்டக் கூடாது. தொளதொள உடையோடு கிட்டே போகவும் கூடாது.

இரண்டாவது, ஹோஸ். பெரிய ஹோஸ் இணைப்பு விட்டுப்போனால் சாட்டைபோலச் சுழன்று அடிக்கும். ஒவ்வொரு கப்ளிங்கிலும் லாக் பின்னும், இரண்டு ஹோஸையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பியும் இருக்க வேண்டும். கட்டுக்கம்பியை முறுக்கிச் சமாளிப்பது போதாது.

மூன்றாவது, கிணற்றுக்குள் இருப்பவரின் மூச்சு. இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கவோ, புகை கிணற்றுப் பக்கம் போகும்படி நிறுத்தவோ கூடாது. கம்ப்ரசர் ஹோஸை வாயருகே வைத்து மூச்சு விடலாம் என்றும் நம்பக் கூடாது. ஆயில் ஆவியும் இன்ஜின் புகையும் கலந்த காற்று அது. உள்ளே ஒருவர் மயங்கினால் பதறிப்போய் அடுத்தவர் இறங்க வேண்டாம். இறங்கியவரும் மயங்குவார். உடனே 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

கரன்ட் போனால்?

கரன்ட் போய் வருவது கிராமத்தில் புதிதல்ல. கம்ப்ரசர் பாதியில் நின்றால் முதலில் பிரஷர் சுவிட்சின் குமிழை ஆஃப் செய்யுங்கள். இரண்டு காரணங்கள். ஆஃப் செய்யும்போது "சஸ்" என்று பிஸ்டன் தலையில் சிக்கிய காற்று வெளியேறும். அது வெளியேறாவிட்டால் அடுத்த முறை மோட்டார் சுமையோடு கிளம்பத் திணறும். அடுத்தது, பெல்ட்டில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கரன்ட் வந்தால் இயந்திரம் தானாகக் கிளம்பிவிடும். பிளக்கை மட்டும் பிடுங்கி நிறுத்துவதும் இதனால்தான் தவறு.

வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம்

குமிழில் ஆஃப், பிறகு சாக்கெட்டில் ஆஃப், பிறகு பிளக். ஹோஸில் மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கப்ளரைக் கழற்றுங்கள். டேங்கில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும்போது டிரெயின் வால்வை மெதுவாகத் திறந்தால், தண்ணீரை அதுவே தள்ளிவிடும். முழுதும் வடிந்ததும் வால்வைத் திறந்தே விட்டுவிடலாம். பிஸ்டன் தலையும் காற்றுக் குழாயும் 100 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கலாம். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். காற்று ஏறிய டேங்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவும் வேண்டாம்.

அடிபட்டால்?

கண்ணில் துகள் பட்டால் தேய்க்காதீர்கள், லேசாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள். காற்று தோலுக்குள் புகுந்தாலோ வயிற்றில் பாய்ந்தாலோ வெளியே காயம் சிறிதாகத்தான் தெரியும். "கொஞ்சம் வீக்கம்தான், காலையில பார்ப்போம்" என்று விட்டால் உயிர் போகலாம். சாப்பாடோ தண்ணீரோ கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கத்திலும் போலீஸ் பயத்திலும் மறைப்பதில் வீணாகும் நேரம்தான் பல உயிர்களை எடுக்கிறது.

ஒரு நிமிடச் செக்லிஸ்ட்

• தினமும்: டிரெயின் வால்வு திறந்தாச்சா? ஆயில் அளவு சரியா? ஹோஸில் வெடிப்பு, வீக்கம் உண்டா?
• வாரம் ஒருமுறை: சேஃப்டி வால்வு வளையம் இழுத்துப் பார்த்தாச்சா? ஏர் ஃபில்டர் சுத்தமா?
• மாதம் ஒருமுறை: பெல்ட் இறுக்கம், வயர், பிளக், எர்த், டேங்கின் அடிப்பகுதியில் துரு.
• வேலையின்போது: கண்ணாடி, காது அடைப்பான், மூடிய செருப்பு. பக்கத்தில் நின்று பேச, குரலை உயர்த்த வேண்டியிருந்தால் காதுக்கு அது அதிக சத்தம்.
• எப்போதும்: அடைத்த சேஃப்டி வால்வோடு ஓடும் கம்ப்ரசர் அருகில் நிற்காதீர்கள். அது உங்களுடையதாக இல்லாவிட்டாலும், ஆஃப் செய்யச் சொல்லுங்கள்.